உளுந்தில் விழுந்த லாக்

என் மனைவி செந்தாமரைக்கு இன்ஜின் தெரியும், பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு இயற்பியல் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று கல்யாணமான பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த நினைப்பு போயே போய்விட்டது.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், கடைமடை. மேலே இருப்பவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் எங்களுக்கு, அதுவும் முறை வைத்து. இந்த முறைத் தண்ணீர் ஞாயிறு மாலை ஆறு மணியோடு நின்றுவிடும். அடுத்தது பத்து நாள் கழித்து. வாய்க்கால் பள்ளத்தில் இருக்கிறது, வயல் மேட்டில் இருக்கிறது, ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தால்தான் ஏறும். அந்த இன்ஜின் வெள்ளிக்கிழமை படுத்துவிட்டது. நாற்றங்காலில் பதினெட்டு நாள் நாற்று நின்றது, தரை வெடிக்க ஆரம்பித்திருந்தது. நாற்று போனால் சம்பா போச்சு. மறுபடி விதைவிடப் பருவம் இல்லை.

மெக்கானிக் உபைதுல்லா பாய் நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். "செவ்வாக்கெழம வந்துர்றேம்மா" என்றார் போனில். செந்தாமரை சரி என்று போனை வைத்துவிட்டு ஸ்பேனர் பையை எடுத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, மொபெட்டில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அதில் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புது ஸ்பிரிங்கும் வாங்கி வந்தாள்.

அந்த ஸ்பிரிங்கைக் கையால் அழுத்த முடியாது. போன வருடம் இதே வேலைக்கு வந்த ஒருவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, அது வழுக்கி, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். அதை நாங்கள் இருவருமே பார்த்தோம். நான் பரிதாபப்பட்டேன். அவள் யோசித்தாள். யோசித்து, ஆடி மாதம் ஆன்லைனில் ஒரு கருவி வரவழைத்தாள். வால்வ் ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று பெயர். பெட்டியைப் பிரித்ததும் நான் சிரித்தேன். "என்ன தாமரை, தேங்காத்துருவிய மேசையோட பூட்டுற கிளாம்ப மட்டும் பெருசா வாங்கியிருக்க?" அவள் அதைப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை அது கீழே இறங்கியது. வாசலில் சாக்கு விரித்து ஹெட்டை வைத்தாள். பக்கத்தில் தார்ப்பாயில் ஒரு மூட்டை உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. கருவியின் ஒரு முனை வால்வின் முகத்தில், வளையமுள்ள மறுமுனை ஸ்பிரிங்கின் தலையில். கைப்பிடியைத் திருகத் திருக, ஆளையே தூக்கி எறியக்கூடிய அந்த ஸ்பிரிங் சொன்னபடி கேட்டு அமுங்கியது. வால்வின் கழுத்தைக் கவ்வியிருந்த இரண்டு சின்னத் துண்டுகளை விரல் நுனியால் எடுத்தாள். லாக் என்கிறார்கள். இரண்டு மூன்று உளுந்து சேர்ந்த அளவுதான் இருக்கும், நிறமும் அதே கறுப்பு. அது இல்லாவிட்டால் வால்வ் நிற்காது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

புது ஸ்பிரிங்கை வைத்து அமுக்கிவிட்டு, லாக்குகளில் கிரீஸ் தடவி ஒட்டினாள். "ரெண்டு கையாலயும் நான் இத புடிச்சிக்கிறேன். நீங்க கைப்பிடிய மெதுவா தளத்துங்க. மெதுவா."

"இதுல பாரு தாமரை, திருகுங்கிறதே ஒரு சாய்தளந்தான். எட்டாம் வகுப்புல நான்…"

பேச்சு போன வேகத்துக்குக் கையும் போய்விட்டது. 'டிங்' என்று ஒரு சத்தம். ஒரு லாக் என் காதோரமாகப் பறந்து உளுந்துக்குள் விழுந்தது.

அவள் தார்ப்பாய் பக்கம் திரும்பினாள். "ஸ்கூல்ல காந்தம் இருக்கு, இந்தா வந்துர்றேன்" என்று வண்டியை எடுத்தேன். தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி, ஆய்வகத்தைத் திறந்து, அலமாரியில் இருந்த பெரிய லாட காந்தத்தை எடுத்தேன். அலமாரிக் கதவில் நானே எழுதி ஒட்டிய தாள் இருந்தது. 'பொருளை உடைத்தவர்கள் இனி எதையும் தொடக் கூடாது.' கீழே நான்கு மாணவர்களின் பெயர்கள். அவசரத்தில் பூட்டிவிட்டு வந்தேன்.

திரும்பியபோது மணி பன்னிரண்டரை. லாக் கிரீஸ் டப்பா மூடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் முறம்.

"கல்லு பொறுக்குற மாதிரி தாமரை கொழிச்சே எடுத்துருச்சு தம்பி" என்றார் எதிர்வீட்டுக் காத்தாயி அக்கா. "மூணாவது மொறத்துலயே உளுந்தெல்லாம் ஒதுங்கி, அது மட்டும் தனியா நிக்கிது. எடுத்து அர மணி நேரமாச்சு. கைப்பிடிய நான் புடிக்கிறேன் தாயின்னேன், கேக்கல. அவரு வரட்டுங்குது."

தண்ணீர் நிற்க இன்னும் ஐந்தரை மணி நேரம்தான் இருக்கிறது, இந்த நெருக்கடியிலும் அரை மணி நேரத்தை எனக்காக விட்டிருக்கிறாள். காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பாடம் வேணாம். கை மட்டும் போதும்" என்றாள்.

கால் சுற்று, நிறுத்தம். இன்னொரு கால் சுற்று, நிறுத்தம். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. லாக் இரண்டும் பள்ளத்தில் போய்ப் பொருந்தின. மரச் சுத்தியலால் வால்வின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள், லாக் நகரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பிறகு வாய்க்கால் கரையில் ஹெட்டைப் பூட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, வால்வை அமுக்கித் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து முடித்தபோது மணி மூன்றே முக்கால். எதற்கும் அவள் அவசரப்படவில்லை.

ஸ்டார்ட் செய்ய அவளே கைப்பிடி போட்டுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து, வெடிப்புகளுக்குள் குபுகுபுவென்று இறங்கியது. ஐந்தரைக்கு நாற்றங்கால் முழுக்க நனைந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"காத்தாயி அக்காவையே புடிக்கச் சொல்லிருக்கலாம்ல? எதுக்கு எனக்காக நின்ன?"

செந்தாமரை கால் சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அக்காவுக்கு அது பறக்கும்னு தெரியாது. ஒங்களுக்குத்தான் தெரியும். இனிமே ஒங்களவிட பதமா யாரு புடிப்பா?"

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்குப் போனேன். காந்தத்தை இருந்த இடத்தில் வைத்தேன். கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, வகுப்பு தொடங்கியதும் அதில் பெயர் இருந்த நான்கு பேரையும் முதல் வரிசைக்கு வரச் சொன்னேன்.