பச்சை முகத்துக்கு எதிரே ஒரு நாற்காலி

1

இந்தக் கதை ஒரு நாற்காலியில் பிறந்தது. தெரிந்தவர் வீட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். உட்காரச் சொன்ன நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் ஒரு படம். பார்த்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? அடக்கிக்கொண்டேன். வேறு போக்கிடம் இல்லாமல் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போனது. கோப்பை காலியானபோது, அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்திருந்தேன்.

இதையே ஒரு தந்திரமாகச் செய்த வியாபாரி இருந்திருந்தால்? (அப்படி யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. நான்தான் உண்டாக்கினேன். பழி முழுக்க என்னுடையது.)

2

முதல் தொடக்கம்: "ஓவிய வரலாற்றின் அந்தப் பெரும் திருப்பத்தில்..." வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: "ஓவிய வியாபாரி தன் கடையைப் பூட்டிய அன்று மழை..." மழை எதற்கு? பூட்டினார், அவ்வளவுதான்.

ஏன் பூட்டினார் என்றால், வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஆதரித்த ஓவியர்கள் மனிதர்களை இல்லாத நிறங்களில் வரைந்தார்கள். நீல நெற்றி, சிவப்பு நிழல். ஒரு பத்திரிகைக்காரர் அவர்களுக்குச் சாயக்கூட்டம் என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. மலையும் ஏரியும் விற்று நன்றாகப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர், இந்தப் படங்களை மாட்டிய பிறகு கடையில் ஈ ஓட்டினார். ஆனாலும் விடவில்லை.

(இவரை லட்சியவாதி ஆக்குவதா, காரியக்காரர் ஆக்குவதா என்று ரொம்பத் தடுமாறினேன். இரண்டும்தான் என்று விட்டுவிட்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாரும் அப்படித்தானே.)

ஒருநாள் மனைவியிடம் சொன்னார்: "கடையில சிரிக்கிறாங்க. வீட்டுலயே மாட்டிடுவோம். நீ கையில டீயைக் குடுத்துட்டா அப்புறம் எவன் சிரிப்பான்?"

"அப்ப நான் எங்கங்க உட்கார்றது?"

"அவங்களுக்கு எதிர்லதான். நீ இருந்தா மரியாதையா இருப்பாங்க."

இங்கேதான் கதை என் கையை விட்டு நழுவியது. வியாபாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் நான். அந்தக் கேள்விக்குப் பிறகு, கேட்டவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். (முதலில் அவர் என்றுதான் எழுதினேன். நெருங்கிய பிறகு அவள் என்று வருகிறது. கோபித்துக்கொள்ள மாட்டாள்.)

3

சாப்பாட்டு மேசை சமையலறைக்குப் போனது. மகளின் புத்தக அலமாரி படுக்கையறைக்குப் போனது. காலியான கூடத்தின் நடுச்சுவரில் மாட்டியது அவளுடைய படத்தை. சாயக்கூட்டத்தில் மூத்தவன், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவன், வரைந்தது. அதில் அவள் ஒரு தலையணை உறையின் கிழிசலைத் தைக்கிறாள். முகம் பச்சை.*

முதல் தடவை பார்த்தபோதே கேட்டாள்: "காமாலை வந்தாக்கூட மஞ்சளாத்தானே தம்பி ஆகும்? நீ என்னைப் பாசி பிடிக்க வச்சிருக்கியே."

நெட்டை தலையைச் சொறிந்தான். "அன்னைக்கு அப்படித்தான்க்கா தெரிஞ்சீங்க."

விருந்தினருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி அவர்களைப் பார்த்து உட்காருவாள். வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், அவசரமாகக் கோப்பைக்குள் பார்ப்பார்கள். சிரிப்பை விழுங்குவது தொண்டையில் தெரியும். கணவருக்கு அது வெற்றி. அவளுக்கோ, முன்பின் தெரியாதவர்கள் தன் முகத்தைக் கண்டு சிரிப்பை அடக்குவதை நாள் தவறாமல் எதிரே இருந்து பார்க்கிற வேலை. வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. கணவரும் கேட்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை, விருந்தினர் போனதும் கோப்பைகளை அவரேதான் கழுவி வைப்பார். கேட்கத் தோன்றவில்லை.

* முந்தைய பிரதியில் நீலமாக இருந்தது. நீலம் பார்க்க அழகாக இருந்துவிட்டது. மாற்றிவிட்டேன்.

4

பெயர் வைத்த பத்திரிகைக்காரரே ஒருநாள் வந்தார்.

[வியாபாரி அவரை வாதத்தில் மடக்கும் காட்சி ஒன்று இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன். வாதத்தில் தோற்ற பிறகு ஒரு படம் யாருக்கும் பிடித்துப்போனதாகத் தெரியவில்லை.]

தேநீரை வாங்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பேச வேறெதுவும் கிடைக்காமல், மரியாதைக்காகக் கேட்டார்.

"வரையறப்ப உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்லங்க. பொண்ணுக்குக் கடுங்காய்ச்சல். பிழைப்பாளான்னே தெரியல. உள்ள படுத்திருந்தா. கை சும்மா இருந்தா அழுதுடுவேன்னு தைச்சுக்கிட்டிருந்தேன்."

பத்திரிகைக்காரர் மறுபடி படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கோப்பைக்குள் பார்க்கவில்லை. "வேற நிறம் போட முடியாது," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அவளும் திரும்பிப் பார்த்தாள். மாதக்கணக்கில் அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தவள். அன்று அழாமல் அடக்கியது முழுக்க அந்தப் பச்சையில் இருந்தது. தன்னை ஒருவன் அன்றைக்குக் கவனித்திருக்கிறான் என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

5

பத்திரிகைக்காரர் எழுதினார். அதன் பிறகு வந்தவர்களுக்கு விழுங்கச் சிரிப்பே இருக்கவில்லை. சாயக்கூட்டம் என்ற வசவு விலாசம் ஆனது. ஊர் அருங்காட்சியகம் அவர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்க முன்வந்தது. ஒரே நிபந்தனை: பச்சை முகம் வர வேண்டும். அது இல்லையென்றால் அறை இல்லை.

கணவர் கண் கலங்க ஓடிவந்தார். "ஜெயிச்சுட்டோம். சரின்னு சொல்லிட்டேன். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மெல்ல உறைத்தது.

"உன்னைக் கேக்கலையே நான்."

"எப்பவும் கேட்டதில்லையே."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவர் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதிரே அவள், அவளுக்குப் பின்னால் பச்சை முகம். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப கேக்குறேன். வேணாம்னு சொல்லு, இல்லேன்னு சொல்லிட்டு வந்துடறேன்." பொய்யாகச் சொல்லவில்லை.

சேதி கேட்டு நெட்டையும் வந்தான். "அது உங்க படம்க்கா. நாங்க இவ்வளவு நாள் காத்திருந்தவங்கதானே, இன்னும் காத்திருப்போம்."

6

கொடுத்துவிடுகிறாள் என்று எழுதிப் பார்த்தேன். அருங்காட்சியகத்தில் தன் படத்தின் அருகே போகிறாள். காவலாளி, "தள்ளி நில்லுங்கம்மா," என்கிறான். எனக்கே பொறுக்கவில்லை.

கொடுக்கவில்லை என்று எழுதினேன். நெட்டை பிழைப்புக்காக ஏரி வரையப் போகிறான். அவளால் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நெட்டை இன்னொன்று வரைந்து கொடுக்கிறான் என்றும்... இல்லை. மகள் பிழைத்து, வளர்ந்து, கல்லூரிக்குப் போகிறாள். அந்தப் பச்சை இனி எப்படி வரும்?

7

அதனால்தான் உங்களைக் கூட்டிவந்தேன். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலியில்தான். கையில் தேநீர். வாசலில் படத்தைச் சுற்றக் கம்பளியோடு ஆட்கள் நிற்கிறார்கள். கணவர் கதவருகே நிற்கிறார். இந்தத் தடவை அவள் உங்களுக்கு எதிரே உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்களோடு சேர்ந்து படத்தைப் பார்க்கிறாள்.

"நீங்க சொல்லுங்க," என்கிறாள். "குடுத்துடலாமா?"

நான் குடித்து முடித்துவிட்டேன், எழுந்துகொள்கிறேன். உங்கள் கோப்பையில் இன்னும் பாதி இருக்கிறது.