கடுகு வரிசை

முப்பது வருஷம் ஊரார் வீட்டு கரண்ட் மீட்டரை எட்டி எட்டிப் பார்த்தவருக்கு, ஓய்வு பெற்றபின் தன் வேலியை யாராவது எட்டிப் பார்த்தால் உடம்பெல்லாம் கூசும். பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கோ வேறு பொழுதுபோக்கு கிடையாது.

தங்கைக்கு ஆபரேஷன் என்று கிளம்பும்போதே மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். "முட்டைக்கோஸைச் சுத்திக் கடுகு போட்டிருக்கேன். அசுவினிப் பூச்சி கோஸை விட்டுட்டுக் கடுகுலதான் வந்து உக்காரும், உக்காரட்டும். வேப்பெண்ணெய்க் கரைசலை நான் வந்து கடுகுமேல அடிச்சுக்கறேன். நீங்க கைய மட்டும் சும்மா வெச்சிருங்க."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஆள் வருகிறான். மருந்தடிக்காத கோஸ் என்று அவன் ஒப்புக்கொண்டால் இனி வாராவாரம் அவளிடம்தான் எடுப்பார்கள். அதற்காக அவள் நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்திருந்தது.

கையைச் சும்மா வைப்பது மட்டும் மீட்டர்காரருக்குப் பழக்கமில்லாத வேலை. கடுகுத் தண்டெல்லாம் சாம்பல் பூசினாற்போல் அசுவினி. மணிக்கொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"என்னண்ணே, கோஸு வளக்கறீங்களா, பூச்சிக்குப் பந்தி போடறீங்களா?" என்றாள் தையல்காரி.

மூன்று நாள் பல்லைக் கடித்தார். நாலாம் நாள் காலையில் கடுகு முழுவதையும் பிடுங்கினார். ஒழுங்கான மனிதர் அல்லவா, கட்டுக் கட்டாகக் கட்டிக் கோஸ் பாத்தியின் ஓரத்திலேயே அடுக்கினார். தண்டு வாடியதும் அசுவினிக் கூட்டம் மூட்டை முடிச்சோடு அடுத்த வீட்டுக்குக் குடிபோயிற்று. அடுத்த வீடு கோஸ்.

மனைவி போனில் கேட்டாள், "கடுகு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ஒரு பூச்சி இல்ல."

அந்தப் பதிலிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வியாழன் விடிந்ததும் வந்து நின்றாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கை அரிச்சுதா?"

"அரிச்சுது."

"இருநூறு கோஸ் இருக்கு. ஒவ்வொரு இலையா திருப்பி, சோப்புத் தண்ணியில துடைங்க. அரிப்பு தானா தீந்துடும்."

மதியம் தையல்காரி ஒரு மூட்டை வெட்டுத்துணியோடு உள்ளே வந்து, கூப்பிடாமலே பாத்தியில் குந்தினாள். "வாய வெச்சது நான்தானே" என்றாள். மூன்று பேரும் இருட்டும்வரை துடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தவன் ஓர் இலையைத் திருப்பினான். இரண்டு அசுவினி.

"பூச்சி இருக்கே?"

மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார்.

"இருக்கு," என்றாள் மனைவி. "மருந்தடிச்ச இலையில அது உக்காந்திருக்குமா?"

அவன் யோசித்தான். "இந்த வாரம் நூறு குடுங்க. அடுத்த வாரம் வந்து பாத்துட்டு மேல சொல்றேன்."

அவன் அடுத்த கோஸுக்குக் குனிந்தபோது, அசுவினி ஒன்று இலை விளிம்பில் ஊர்ந்தது. மீட்டர்காரரின் விரல் தானாக நீண்டது. மனைவி திரும்பிப் பார்க்காமலே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் வாசலைத் தாண்டும்வரை விடவில்லை.