திங்கள்கிழமை மாற்றிய கார்டு

நான் சட்டை கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பிப் போட்டு, காலர், கைமடிப்பு, பொத்தான் துளை எல்லாம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பதினோரு வருடமாகக் குறை தேடிய கண், வீட்டுக்கு வந்ததும் மட்டும் மூடிக்கொள்ளுமா? வீட்டுக்காரர் போனில் "வந்துட்டே இருக்கேன்" என்றால், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். "பிறக்கும்போதே கையில ஸ்டிக்கரோட பிறந்திருப்பே" என்பார்.

அவர் லிப்ட் மெக்கானிக். அவருக்கு வேறு வியாதி. எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வருகிற புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை, பென்சிலும் கையுமாகப் படிப்பார். டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிற பெட்டி வாங்கியபோது மூன்று நாள் படித்தார். கேபிள்காரர்கள் வாடகைக்குத் தரும் பெட்டி வேண்டாம், அது வீட்டுக்குள் அவர்கள் வைக்கிற வேவுக்காரன் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். சொந்தப் பெட்டியே வாங்கினோம். ஆனாலும் சேனல் தெரிய வேண்டுமானால் அவர்கள் கொடுக்கிற ஒரு கார்டை அதற்குள் செருகத்தான் வேண்டும். அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

அந்தப் பெட்டியில் நான் தினமும் பதிவு செய்தது ஒன்றே ஒன்று. உள்ளூர் சேனலில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பெரிய நாற்சந்தியை நேரடியாகக் காட்டுவார்கள். என் தம்பி பஸ் டிரைவர். ஏழு நாற்பதுக்கு அவன் வண்டி அந்த நாற்சந்தியைக் கடக்கும். சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அதைப் போட்டுப் பார்ப்பேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தாலோ, கோட்டைத் தாண்டி நிறுத்தினாலோ, சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியில் ஓர் அம்பு ஒட்டுவேன். அம்மா அப்பா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன். அவன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, நம்பிக்கையைச் சரிபார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவனுக்கு இது தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியும். "பாவம் அவன்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

அதுவும் அதிசயம்தான், ஏனென்றால் அவர்கள் இருவருக்கும் பேச்சு கிடையாது. இரண்டு வருடம் முன்பு தம்பி இவருடைய ஸ்கூட்டரை வாங்கிப் போய், பக்கத்தில் ஒரு பள்ளத்தோடு கொண்டு வந்து விட்டான். கேட்டதற்கு, ஏற்கெனவே இருந்தது என்று சாதித்தான். அன்றிலிருந்து ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு "அக்கா, மாமாவைத் தண்ணி எடுத்துக்கச் சொல்லு" என்பான் அவன். "உன் தம்பியை ஃபேன் போடச் சொல்லு" என்பார் இவர். நடுவில் நான் தபால்காரி.

இப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்சந்தியில் குறுக்கே வந்த பைக் தம்பியின் பஸ் பக்கவாட்டில் மோதியது. பைக் ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. பஸ்தான் சிவப்பு விளக்கில் பாய்ந்து வந்தது என்று அவர் எழுதிக்கொடுத்துவிட்டார். தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை டெப்போவில் விசாரணை. தப்பு அவன்மேல் என்று முடிந்தால் வேலையும் போகும், லைசென்சும் போகும். அவன் பெண்டாட்டிக்கு ஏழாவது மாதம்.

சிக்னலில் இருந்த போலீஸ் கேமரா பல மாதமாக வேலை செய்யவில்லை. சேனல்காரர்கள் எதையும் சேமித்து வைப்பதில்லையாம். எங்கள் பெட்டியில் மட்டும் இருந்தது. அன்று சாயங்காலமே மூன்று பேரும் பார்த்தோம். பச்சை விளக்கு, தம்பியின் பஸ், அதற்கப்புறம் பைக். சந்தேகத்துக்கே இடமில்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

விசாரணை அதிகாரி ஓர் அம்மா. பதிவைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டு வரச் சொன்னார். வீட்டுக்காரர் போட முயன்றார். 'இந்தப் பதிவை நகலெடுக்க அனுமதி இல்லை' என்று திரையில் வந்தது.

"யாரோட அனுமதி?" என்றேன்.

"கேபிள் கம்பெனியோடது. ஒவ்வொரு சேனலோடயும் ஒரு அடையாளம் சேத்து அனுப்பறாங்க. நகல் எடுக்கலாம், கூடாதுன்னு. அதைப் பாத்து நம்ம பெட்டி கேட்டு நடக்குது. போன மாசத்துலேர்ந்து எல்லா சேனலுக்கும் கூடாதுன்னு போட்டுட்டாங்க."

"பெட்டி நம்மது, கரண்டு நம்மது, பஸ் ஓட்டினது என் தம்பி. நடுவுல அவங்க யாரு?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையைப் போனில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினோம். அதில் சிக்னல் விளக்கு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது, பச்சையா சிவப்பா என்று கடவுளுக்கே வெளிச்சம். கடைசியில் அந்த அம்மா, "பெட்டியையே தூக்கிட்டு வாங்க, இங்க போட்டுப் பாத்துக்கறேன்" என்றார். கார்டு உள்ளே இருந்தால் எங்கே வைத்தாலும் ஓடும் என்று புத்தகத்தைப் பார்த்து இவரும் சொன்னார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மண்டைக்குள் ஒரு வண்டு குடைந்தது. கம்பிவழியாக அடையாளம் அனுப்பி நகலைத் தடுக்கிறவர்கள், அதே வழியில் பதிவையே அழித்துவிட்டால்? வியாழக்கிழமை வரை அந்தக் கார்டை உள்ளே விட்டுவைக்கலாமா? திங்கள்கிழமை காலை, இவர் கிளம்பிப் போனதும், கார்டை உருவி டிபன் பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் கம்பெனியில் அனுமதி கேட்டுக்கொண்டு நேராகக் கேபிள் அலுவலகத்துக்குப் போய், எங்கள் பதிவை நகலெடுக்க விடாமல் செய்ய நீங்கள் யார் என்று கவுன்ட்டரில் கேட்டேன்.

அங்கே இருந்த பெண் கோபப்படவே இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. கார்டை வாங்கிப் பார்த்தாள். "அடடா, இது பழைய மாடல் மேடம். எல்லாருக்கும் மாத்திட்டு இருக்கோம். புதுசு போட்டா உங்க பிரச்சனை சரியாயிடும்னு நினைக்கிறேன். இங்க ஒரு கையெழுத்து."

காரணம் கேட்காமல், படித்துப் பார்க்காமல், என் வாழ்நாளில் அந்த ஒரே ஒரு தடவை நான் சந்தேகப்படாமல் கையெழுத்துப் போட்டேன். ரசீதை டிபன் பையில் திணித்தேன். வீட்டுக்கு வந்து புதுக் கார்டைச் செருகினேன். சேனல்கள் பளிச்சென்று தெரிந்தன. பதிவுகளின் பட்டியலும் அப்படியே இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை. ஏன் உருவினாய் என்று கேட்பாரே என்று இவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வரும்போது இவர் எனக்கு முன்பே வீட்டில் இருந்தார். வேலைக்கே போகவில்லை. பெட்டியின் மேல்மூடி கழற்றிக் கிடந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர். திரையில் ஒவ்வொரு பதிவின் மேலும் ஒரு பூட்டுப் படம், கீழே 'இந்தப் பதிவைக் காட்ட இயலாது' என்று ஒரு வரி.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"என்ன பண்ணீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நான் நோண்டினேன். போயிடுச்சு" என்றார்.

"எதுக்கு நோண்டினீங்க? ஸ்கூட்டர் பள்ளத்துக்குப் பழி வாங்கவா? ரெண்டு வருஷமா மனசுல வச்சிருந்து, சமயம் பாத்து என் தம்பி வயித்துல அடிச்சீங்களா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடியை மாட்டினார். முகத்தில் கோபமே இல்லை. அதுவும் குற்றவாளியின் அமைதியாகத்தான் எனக்குப் பட்டது.

மறுநாள் தம்பி வந்தான். பழக்கம் விடவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னான்: "அக்கா, மாமாகிட்ட கேளு, இப்ப திருப்தியான்னு."

இவர் எழுந்து நின்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நேராக அவனிடம் பேசினார். "தப்புதான். என்னை மன்னிச்சிடு."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை இவர் குளிக்கப் போனதும் இவருடைய கருவிப் பையைக் குடைந்தேன். மன்னிப்புக் கேட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவு சுலபமாக யார் ஒத்துக்கொள்கிறார்கள்? வேறு எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. ஸ்பேனர்களுக்கு அடியில் பெட்டியோடு வந்த புத்தகம் இருந்தது. நடுவில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடிட்ட வரி: 'கார்டை மாற்றினால், பழைய கார்டு இருந்தபோது செய்த பதிவுகள் அழியா. ஆனால் அவற்றைத் திறக்க இயலாது.' நீட்டிக்கொண்டிருந்த தாள் என் ரசீது. திங்கள்கிழமைத் தேதி, என் கையெழுத்து. பின்பக்கத்தில் அவருடைய எழுத்து: 'செவ்வாய் காலை நேரில் கேட்டேன். பழைய கார்டை நேற்றே வெட்டிவிட்டார்களாம்.'

என் டிபன் பையைத் தினமும் கழுவுகிறவர் அவர்தான். அது எனக்கு நினைவே இல்லை.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ரசீதை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். சமையலறைக்குப் போய்க் காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டேன். பெட்டி பூட்டிக்கொண்டது, என் கண் பார்த்தது மட்டும்தான் மிச்சம். சுருளைப் பார்த்தும் இவர் ஏன் என்று கேட்கவில்லை. வழியெல்லாம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

டெப்போவில் அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பெட்டி எங்க?"

"பதிவு என்னாலதான் போச்சு, மேடம்" என்றார் இவர்.

"உங்க மச்சானைக் காப்பாத்தற பதிவை நீங்களே கெடுத்தீங்களா? இல்ல, அதுல வேற எதாவது தெரிஞ்சதுன்னு கெடுத்தீங்களா?"

இது அவர் எதிர்பார்க்காத கேள்வி. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், தம்பியின் கழுத்துக்கு வந்து நின்றது. நான் எழுந்தேன்.

"அவர் பொய் சொல்றார், மேடம்."

தம்பி இவரை ஒரு பார்வை பார்த்தான், மாட்டினாயா என்பது போல. நான் ரசீதை மேசைமேல் வைத்தேன். "கார்டை மாத்தினது நான். இவருக்கு முன்னாடி தெரியாது. பதிவு அழியல, உள்ளதான் இருக்கு, திறக்க முடியல. இது என் கையெழுத்து." புத்தகத்தின் வரியையும் சொன்னேன். தம்பி பக்கம் திரும்பாமலே சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா ரசீதை முன்னும் பின்னும் படித்தார். "சரி. உள்ள என்ன இருந்ததுன்னு நீங்க சொல்றதை நான் எப்படி எடுத்துக்கறது? நீங்க அவருக்கு அக்கா."

"அக்காதான். ஆனா வேலையில நான் செக்கர்" என்று காலண்டரை விரித்தேன். ஒரு வருடத்து அம்புகள். எது எதற்கு ஒட்டினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தம்பியின் வாய் திறந்தது, மூடவில்லை.

அந்த அம்மா டெப்போவின் தாமதப் பதிவேட்டை வரவழைத்து, விரலை வைத்து ஒத்துப்பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். "பதினாலு நாள் ஒத்துப்போகுது. இந்த மூணு நாள் கோட்டைத் தாண்டினது எங்க பதிவேட்டுலயே இல்லையே" என்று தம்பியைப் பார்த்தார். அவன் தலை தானாகக் கவிழ்ந்தது.

"அந்தச் செவ்வாய்க்கிழமையில அம்பு இல்ல, மேடம்" என்றேன். "விளக்கு பச்சை. சிவப்பா இருந்திருந்தா உங்களுக்கு முன்னாடி நானே ஒட்டியிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டை மடித்துக்கொண்டார். என் வாக்குமூலத்தை எழுதி நீட்டினார். இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் நாள் கடிதம் வந்தது. தம்பிக்கு அவன் பஸ் திரும்பக் கிடைத்தது. அந்த மூன்று நாளுக்கு எச்சரிக்கையும் கூடவே வந்தது.

அது பிறகு. விசாரணை முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் தம்பி என்னைத் தாண்டிப் போய் இவர் முன்னால் நின்றான். "மாமா, அந்த ஸ்கூட்டர் பள்ளம்... நான்தான்."

"தெரியும்" என்றார் இவர்.

அவன் என்னிடம் ஒன்றும் பேசாமல் படியிறங்கினான். காலண்டருக்காகவா, கார்டுக்காகவா, தெரியவில்லை. இரண்டுக்கும் அவனுக்கு உரிமை உண்டு.

பஸ் நிறுத்தத்தில் ஒருவழியாகக் கேட்டேன். "அன்னிக்கே ஏன் சொல்லல? நான் அத்தனை பேசினேனே."

"உனக்கு இருக்கறது ஒரு தம்பி" என்றார். "எனக்கும் அவனுக்கும் ஏற்கெனவே பேச்சு இல்ல. என் பேர்ல போனா யாருக்கும் நஷ்டமில்லைன்னு நினைச்சேன்."

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பழைய ஆணியில் மாட்டினேன். ஒரு ஸ்டிக்கரை உரித்து, கார்டை மாற்றிய அந்தத் திங்கள்கிழமையில் ஒட்டினேன். மறுநாள், அவரை அத்தனை பேசிய செவ்வாய்க்கிழமையிலும் ஒன்று ஒட்டினேன். அவர் வந்து பார்த்தார். என் டிபன் பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.