கைமாறாத தர்ப்பை

எமன் கயிற்றை வீசிய கணத்திலேயே உயிர் புறப்பட்டாக வேண்டும் என்கிறது புராணம். லண்டன் மாநகரிலோ, உயிர் புறப்பட்ட பின்னும் உடல் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஏனெனில் சுடலைக்கு நாள் கொடுப்பது எமனல்ல, கவுன்சில். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் மாசிக் குளிரில், அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடை நடத்திய தேவராசா மாரடைப்பால் இறந்தபோது, அவருக்குக் கிடைத்த நாள் ஒரு வாரத்துக்கும் அப்பால் இருந்தது. அதுவரை உடல் குளிரறையில் கிடந்தது. ஆன்மா எங்கே கிடந்தது என்பதைத் தீர்மானிப்பதற்காக, குட்மேய்ஸில் இருந்த அவருடைய வீட்டின் முன்னறையில் மூன்று ஆண்கள் கூடினர்.

முதலாமவர் கணேசலிங்கம்; இறந்தவரின் அண்ணன். திருவிழாக்களில் ஒலிவாங்கி கைக்கு வந்தால் திருப்பிக் கொடுத்தறியாத சைவர். ஆன்மா முப்பத்தொரு நாள் வீட்டைச் சுற்றி நின்று, அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகே சிவனடி சேரும் என்பது அவர் தீர்ப்பு. இரண்டாமவர் தவராசா, இறந்தவரின் தம்பி. ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்று, லண்டனுக்கு வந்து, குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் தொழிலோடு ஆன்மாக்களை மீட்கும் தொழிலையும் நடத்தி வந்தவர். மீட்கப்படாதவனுக்கு நெருப்பு என்பது அவர் தீர்ப்பு. மூன்றாமவர் இராஜேந்திரன், இறந்தவரின் தமக்கையை மணந்த கணக்காளர், இளமையில் ஊர்ச்சந்தியில் நாத்திகத் துண்டுப்பிரசுரம் விநியோகித்தவர். செத்தால் சாம்பல், அதற்கப்பால் சூனியம் என்பது அவர் தீர்ப்பு.

மூவரும் ஒரே சான்றைக் கொண்டு வாதாடினர். மருத்துவமனையில் கடைசி மணிநேரத்தில் தேவராசா ஒருமுறை தலையை அசைத்திருந்தார்.

“நான் காதுக்குள்ளை ‘நமச்சிவாய’ எண்டு சொல்லேக்கைதான் தம்பி தலையாட்டினவன்,” என்றார் கணேசலிங்கம். “எல்லாரும் கண்டனீங்கள்.”

“அதே நேரம் நானும் ஜெபம் பண்ணினனான், பெரியண்ணை. ‘ஆண்டவரை ஏற்றுக்கொள்ளுறியளோ’ எண்டு கேட்டனான். அதுக்குத்தான் சின்னண்ணை ஆட்டினவர்.”

“ரெண்டு பேருக்கும் விசர்,” என்றார் இராஜேந்திரன். “மருந்து ஏறினால் தலை தன்பாட்டிலை ஆடும்.”

“உம்மடை தலை மருந்தில்லாமலே முப்பது வருசமா ஆடுது,” என்றார் கணேசலிங்கம்.

இறந்தவரின் மனைவி கமலேஸ்வரி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலையசைப்பின் பொருள் அவருக்குத் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் நின்று, “கால் குளிருதோ, சொக்ஸ் போட்டுவிடவோ?” என்று அவர்தான் கேட்டிருந்தார். தேவராசா தலையாட்டினார், அவர் போட்டுவிட்டார். சிவபதத்துக்கும் மீட்புக்கும் சூனியத்துக்கும் சான்றாகிவிட்ட அந்த அசைவு ஒரு சோடிக் கம்பளிக் காலுறைக்காக நிகழ்ந்தது. ஆனால் அந்த அறையில் அவரிடம் தேநீர் கேட்கப்பட்டதே தவிர, சாட்சியம் கேட்கப்படவில்லை.

தேவராசாவுக்கு மறுமை பற்றிப் பெரிய கொள்கை எதுவும் இருந்ததில்லை. ஆயினும் ஒரு விருப்பம் இருந்தது. சென்ற கோடையில், கடையில் கருணைக்கிழங்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே மனைவியிடம் அவர் சொன்னார்: “நான் முந்தினால் நீதான் எனக்குக் கொள்ளி வைக்கோணும். அண்ணையிட்டை விட்டால் முப்பத்தொரு நாளும் பிரசங்கம் கேட்டிட்டுத்தான் வெளிக்கிடலாம். தம்பியிட்டை விட்டால் நேரே நெருப்பு.”

“இராஜேந்திரண்ணையிட்டை விட்டால்?”

“அவர் வேலைநாளிலை வரமாட்டார்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகு, “பகிடியில்லை,” என்றார் தேவராசா. கமலேஸ்வரி “ஓம்” என்றார். அந்த ஓம்தான் இப்போது அவர் நெஞ்சில் கனத்தது.

தட்டை மேசையில் வைத்தார். “கொள்ளியை நான் வைக்கிறன்,” என்றார்.

லண்டனில் கொள்ளி என்பது தீப்பந்தமன்று. சுடலை மண்டபத்தின் பின்னறையில் ஒரு பொத்தானை அழுத்துவது. அழுத்த ஒரு விரல் போதும். அந்த விரல் யாருடையது என்பதில்தான் மூவுலகமும் அதிர்ந்தது.

“பொம்பிளை சுடலைக்கு வாறதே முறையில்லை,” என்றார் கணேசலிங்கம். “இதிலை கொள்ளி வேறையோ?”

மகள் மிதுஷா மாடிப்படியில் இருந்தவாறே, “பெரியப்பா, என்ர பிரெண்ட் கோசிகான்ட அப்பான்ட பியூனரலுக்கு எல்லா ஆன்ரிமாரும் போனவை. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை,” என்றாள்.

“ஆர் வீட்டிலையோ நடக்கிறது என்ரை தம்பி வீட்டிலை நடவாது, பிள்ளை.”

“எங்கடை வேதத்திலையும் பெண் அடங்கி இருக்கோணும் எண்டுதான் கிடக்கு, அண்ணி,” என்றார் தவராசா. அண்ணனின் தெய்வங்களைக் கல் என்றும் களிமண் என்றும் தூற்றிய வாய், இந்த ஓரிடத்தில் அண்ணனுக்கு ஆமென் சொல்லிற்று.

கமலேஸ்வரி இராஜேந்திரனைப் பார்த்தார். அந்த அறையில் அவருக்கு எஞ்சியிருந்த நம்பிக்கை அந்த ஒருவர்தான்.

“தங்கச்சி, கொள்கையளவிலை என்ரை முழு ஆதரவும் உமக்குத்தான்,” என்றார் இராஜேந்திரன். “ஆனால் சனம் கதைக்கும். அதுக்கு இன்னும் காலம் வரேல்லை.”

மரணத்துக்குப் பின் கடவுள் இல்லை, நரகம் இல்லை, மறுபிறப்பு இல்லை என்று முழங்கிய அந்தப் பகுத்தறிவாளருக்கும், மரணத்துக்குப் பின் சனம் மட்டும் இருந்தது.

சரி, கமலேஸ்வரி வைக்கலாகாது என்றால் வேறு யார் வைப்பது? கணேசலிங்கம் மூத்தவர்; இளையவனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பது வழக்கமில்லை. தவராசா மீட்கப்பட்டவர், விக்கிரக வழிபாட்டுச் சடங்கைத் தொடமாட்டார். இராஜேந்திரன் பகுத்தறிவாளர், எந்தச் சடங்கையும் தொடமாட்டார். செய்யக்கூடாது என்று சொல்ல மூன்று ஆண்கள் இருந்தார்கள். செய்வதற்கு ஓர் ஆண் இல்லை.

கணேசலிங்கம் குருக்களுக்குத் தொலைபேசி எடுத்தார். பேசி முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“பாத்தீரோ கமலேஸ், சாஸ்திரம் உமக்குத்தான் உரிமை தந்திருக்கு. ஆண்பிள்ளை இல்லாதவருக்குப் பெண்சாதிதான் கர்த்தா. நீர் தர்ப்பையை வாங்கி ஒரு ஆம்பிளையின்ரை கையிலை குடுத்தால், உமக்குப் பதிலா அவர் செய்வார். என்ரை மருமகன் யனுஷன் வருவார்.”

உரிமை உண்டு; ஆனால் அது விட்டுக்கொடுப்பதற்கு மட்டுமே உள்ள உரிமை. இதைவிடச் சிக்கனமான வள்ளன்மையை உலகில் எந்தச் சட்டமும் வகுத்ததில்லை. கமலேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. பெண் பேசாதிருந்தால் இசைந்துவிட்டாள் என்று பொருள்கொள்வது ஆண்களின் பழைய இலக்கணம். மூவரும் அவ்வாறே பொருள்கொண்டு தேநீரை எடுத்தனர்.

கவுன்சில் கொடுத்த நாள் வந்தது. பெட்டி வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு முன்னறையில் திறந்துவைக்கப்பட்டது. குருக்கள் கும்பம் வைத்து அமர்ந்தார். மந்திரம் காதில் விழாதிருக்கத் தவராசா வெளிவாசலில் நின்றார்; ஆனால் கதவு திறந்திருந்தது. இராஜேந்திரன், கொள்கையும் குலையாமல் குடும்பமும் கோணாமல், வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார். ஜீன்ஸ் காற்சட்டைக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு யனுஷன் குருக்களின் முன் குந்தினான்.

“இறந்தவரின்ரை பெயர், நட்சத்திரம் சொல்லுங்கோ, தம்பி.”

யனுஷன் மாமனாரின் பக்கம் சரிந்தான். “மாமா, அங்கிள்ட புல் நேம் என்ன?”

“தேவராசா,” என்று பல்லைக் கடித்தார் கணேசலிங்கம்.

“நட்சத்திரம்?” என்றார் குருக்கள்.

“பூரம்,” என்றார் கணேசலிங்கம். பிறகு, “இல்லை, பூராடம்,” என்றார்.

“விசாகம், ஐயா,” என்றார் கமலேஸ்வரி.

தம்பி இறந்த பின் எந்த வழியாக எந்த உலகத்துக்குப் போவான் என்பதை நாள்வாரியாக அறிந்திருந்த அண்ணனுக்கு, தம்பி எந்த நட்சத்திரத்தில் இந்த உலகத்துக்கு வந்தான் என்பது தெரிந்திருக்கவில்லை.

குருக்கள் தர்ப்பையைக் கமலேஸ்வரியின் கையில் கொடுத்தார். “இதைத் தம்பியின்ரை கையிலை குடுங்கோ, அம்மா.”

யனுஷன் கையை நீட்டினான். கமலேஸ்வரி பெட்டிக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு விரல்களை மடக்கினார்.

“குடுக்கேல்லை, ஐயா.”

குருக்கள் தொண்டையைச் செருமினார். “குடுக்கிறதுதான் வழக்கம், அம்மா.”

“உரிமை எனக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“ஓம், உரிமை உங்களுக்குத்தான்.”

“குடுக்காட்டி?”

குருக்கள் சிறிது யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். “குடுக்காட்டி… உங்களிட்டையே இருக்கும்,” என்றார்.

நீட்டிய கையை யனுஷன் மடக்கிக்கொண்டான். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதிக்கு எந்தச் சமயத்திலும் பெயரில்லை.

“கமலேஸ், என்ரை தம்பியின்ரை ஆன்மா அந்தரத்திலை நிக்கப் போகுது,” என்றார் கணேசலிங்கம்.

“அத்தான், அவர் எங்கை போறார் எண்டதை நீங்கள் மூண்டு பேரும் இருந்து முடிவு கட்டுங்கோ. அனுப்பிற வேலையை நான் பாக்கிறன்.”

“நான் அண்டைக்கே சொன்னனான், கொள்கையளவிலை—” என்று வாசற்படியிலிருந்து தொடங்கினார் இராஜேந்திரன்.

“மாமா, பிளீஸ்,” என்றாள் மிதுஷா.

கணேசலிங்கம் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டார். “அப்பிடியெண்டால் நான் வரேல்லை. நீங்கள் போங்கோ.”

கமலேஸ்வரி தயங்கினார். கைக்குழந்தையோடு இந்த நாட்டில் வந்திறங்கியபோது அவருக்கும் கணவருக்கும் தன் மேல்மாடி அறையை ஒழித்துக் கொடுத்தவர் இவர். வாடகை என்ற சொல்லை ஒருநாளும் எடுத்ததில்லை. இவரை வீட்டில் விட்டுவிட்டுத் தேவராசாவை அனுப்புவது எளிதன்று.

“நீங்கள் வரோணும் எண்டுதான் எனக்கும் விருப்பம், அத்தான்,” என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கணேசலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குருக்கள் காட்டக் காட்ட, செய்ய வேண்டியவற்றைக் கமலேஸ்வரி தன் கையாலேயே செய்து முடித்தார். பெட்டியின் பின்னே போய்க் காரில் ஏறினார். அவர் ஏறியதைக் கண்டதும், வீட்டைக் கழுவுவதற்காக நின்றிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கோட்டுகளை மாட்டிக்கொண்டு, கிடைத்த கார்களில் ஏறினார்கள்.

சுடலை மண்டபத்தில், கறுப்பு உடை அணிந்த பணியாளர் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். தவராசா கண்ணை மூடி முணுமுணுத்தார். இராஜேந்திரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கமலேஸ்வரி மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே போனார். பொத்தான் மிகச் சிறியதாக இருந்தது. இரும்புக் கதவு உயர்ந்தது, பெட்டி நகர்ந்தது. எங்கே என்று அவருக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. “போயிட்டு வாங்கோ,” என்றார். கதவு இறங்கிய பிறகு, அத்தனை நாளும் அழாத அழுகையை அழுதார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கணேசலிங்கம் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முன்னறை ஈரமாக இருந்தது. மூலையில் துடைப்பான் சாய்ந்திருந்தது. சுடலைக்குப் போனவர்கள் கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. வீட்டில் நிற்பவர்கள் வீட்டைக் கழுவித் தண்ணீர் எடுத்துவைக்க வேண்டும். பெண்கள் எல்லோரும் சுடலைக்குப் போய்விட்டதால், வீட்டில் நின்றவர் அவர் ஒருவரே. வழக்கத்தை மீற அவருக்குத் தெரியாது. ஆகவே அதைத் தன் கையாலேயே செய்து வைத்திருந்தார்.

“நீர் செய்தது பிழை,” என்றார். “நான் அதை மறக்கமாட்டன்.”

“சரி, அத்தான்.”

“காலை நீட்டும்.”

வாளித் தண்ணீரை அவர் மெல்ல ஊற்றினார். இளஞ்சூடாக இருந்தது.

“பருப்பு அவியுது,” என்றார், கமலேஸ்வரியின் முகத்தைப் பாராமல். “எவ்வளவு உப்புப் போடுறது?”