பலகையில் ஒரு கீறல்

படம் லண்டன் லைம்ஹவுஸ் வட்டாரத்துச் சினிமாக் கொட்டகைக்கு வந்துவிட்டது என்று கேட்டதும் யிப் காம் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். பன்னிரண்டே நாளில் எடுத்து முடித்த மட்டமான பேசும்படம். வெள்ளைக்காரர் ஒருவர் முகத்தில் மஞ்சள் மையை அப்பிக்கொண்டு சீன வில்லனாக உறுமுவார். பின்னால் நிற்பதற்கு மட்டும் நிஜச் சீனர்கள். சலவைக்கடையில் இஸ்திரி போடும் காம், ஆறு படங்களில் முதுகை மட்டும் காட்டியவன்.

"வீட்டிலேர்ந்து சீனச் சாமான் ஏதாவது எடுத்துட்டு வாங்க" என்று டைரக்டர் சொன்னதும், பக்கத்துக் கடைச் சமையல்காரர் லாவ் செக்கிடம் ஓடி, அவர் மனைவியின் பூசைப்பலகையைக் கேட்டது அவன்தான். அந்த அம்மாள் சீனாவில், சொந்த ஊரில் செத்துப் பதினோரு மாதம். சேதியே கடிதத்தில்தான் வந்தது. கடைசி முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத மனிதர், அவள் பெயரை அந்த மரப்பலகையில் செதுக்கி வைத்து, தினமும் அதன் முன் ஊதுபத்தி ஏற்றிச் சோறு படைத்துவந்தார்.

"கோயில் காட்சியாம் அண்ணே. மரியாதையா வெப்பாங்க." அப்போது காம் அதை நம்பித்தான் சொன்னான்.

போய்ப் பார்த்தால் அபின் கடைக் காட்சி. பலகையை வில்லனின் மேசைமேல் வைத்தார்கள். காம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வில்லன் சுருட்டை எடுத்ததும், ஒரு தடவையாவது முகம் தெரியட்டுமே என்ற பேராசையில், யாரும் சொல்லாமலே முன்னால் வந்து தீக்குச்சியை நீட்டினான். அந்த ஆள் அதை வாங்கிப் பலகையில் உரசிப் பற்றவைத்தார். டைரக்டருக்கு ஒரே குஷி. மறுபடி எடுத்தார்கள். காம் இன்னொரு குச்சியையும் நீட்டினான்.

பலகையைக் கீறலோடு திருப்பிக் கொடுத்தபோது, "வண்டியில உரசிடுச்சு அண்ணே" என்று கூசாமல் புளுகினான்.

"படம் படு மோசம், போகாதீங்க" என்று இப்போது எவ்வளவோ தடுத்தும் பார்த்தான்.

"லண்டனைப் பாக்கணும்னு கடுதாசிக்குக் கடுதாசி எழுதுவா உங்க அண்ணி. அவ பேரையாவது இந்த ஊர் பாக்கட்டும்டா" என்று லாவ் செக் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட, காமும் கூடவே போனான்.

திரையில் குச்சி உரசியதும் கொட்டகையே சிரித்தது. பக்கத்து நாற்காலியைப் பார்க்கக் காமுக்குத் துணிவில்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

வெளியே வந்து தெருமுனைவரை லாவ் செக் விறுவிறுவென்று நடந்தார். பிறகு நின்றார்.

"குச்சிய அவன் கேட்டானா, நீயா குடுத்தியா?"

டைரக்டர் தலையில் பழியைப் போட, பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"நானாத்தான் அண்ணே. மூஞ்சி தெரியணும்னு."

"தெரிஞ்சுதுப்பா. நல்லாத் தெரிஞ்சுது" என்றார் லாவ் செக்.