இடது தோள் உயர்ந்த ஆள்

டெய்லருக்கு முப்பத்தைந்து வயதில் காதல் வந்தது, அதுவும் ஒரு ஏப்ரன் வழியாக. மௌனப்படச் சங்கத்தில் படம் ஓட்டும் ஆபரேட்டர் கடைக்கு வந்து, கத்தரி, டேப், பூதக்கண்ணாடி எல்லாம் வைத்துக்கொள்ள ஏழு பை வைத்த ஏப்ரன் வேண்டும் என்றாள். இரண்டு நாள் வேலை. அவன் மூன்று வாரம் இழுத்தடித்தான். அவளும் தினமும் வந்து, "ஆச்சா?" என்று கேட்டு, ஆகவில்லை என்றதும் முகம் மலரத் திரும்பிப் போனாள். மூன்றாவது வாரம் இருவரும் கல்யாணம் வரை பேசி முடித்துவிட்டார்கள்.

இடையில் நின்றவர் அவளுடைய அப்பா. சங்கத்தின் தலைவர், முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தவர். மௌனப்படச் சங்கத் தலைவர் வாய் மூடி இருந்து யாரும் பார்த்ததில்லை. படம் ஓடும்போதே விளக்கம் சொல்லுவார், முடிந்தபின் சொன்னதையே மறுபடி சொல்லுவார். அதற்குப் பிறகு, புதிதாக வந்தவர்கள் எழுந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். முன்பு அவளைப் பெண் கேட்டு வந்த ஒருவர், "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"உங்களைச் சனிக்கிழமை வரச் சொல்றாரு" என்றாள் அவள்.

டெய்லர், அச்சகத்தில் பிழை திருத்தும் தன் அக்காவிடம் ஓடினான். அவள் உருவகம், கனவுநிலை, வர்க்கம் எல்லாம் வருகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

"டேய், இதை அப்படியே மனப்பாடம் பண்ணு. துணியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையோட தோள்பட்டைத் தையலைப் பார்க்கிற ஜென்மம் நீ."

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சங்கம் கூடும் சைக்கிள் கடை மாடியில் பதினெட்டுப் பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலை மறைத்த கறுப்புத் துணியின் ஓரம் தலைகீழாக மடித்துத் தைக்கப்பட்டிருந்ததை டெய்லர் கவனித்தான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

முதல் படம் கனவு மாதிரி. ஆள் படுக்கையில் குறட்டை விட, ஆணியில் தொங்கிய கோட்டு தானாக இறங்கி ஆபீஸுக்குப் போகிறது. அங்கே மேலதிகாரி எழுந்து நின்று கோட்டுக்கு வணக்கம் வைக்கிறார். எல்லோரும் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, டெய்லர் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தலைவர் திரும்பிப் பார்த்தார். கடைசியில் அந்தக் கோட்டு கடலுக்குள் நடந்து ஒவ்வொரு பொத்தானாக மூழ்கியபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெறும் கோட்டுக்காக அழுகை வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவது, புரட்சிப் படம். பசித்த தொழிலாளர்கள் ஆலையின் கேட்டை நோக்கி ஓடுகிறார்கள், சிப்பாய்கள் சுடுகிறார்கள். டெய்லர் ரத்தம் கொதித்துப் பாதி எழுந்துவிட்டான். அப்போதுதான் படத்தில் ஓடும் கூட்டத்தில் ஓர் ஆள் கண்ணில் பட்டார். அதற்கப்புறம் அவரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

விளக்குப் போட்டார்கள். "ஆயிரக்கணக்கான மக்கள், அந்த ஜனசமுத்திரம்" என்று தலைவர் இருபது நிமிடம் முழங்கினார். பிறகு, "புதுசா வந்தவர் எழுந்திரிங்க" என்றார்.

எழுந்தான். அக்காவின் இரண்டு பக்கமும் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"கோட்டுக்கு வணக்கம் வெச்சாங்களே, அது கனவு இல்லீங்க. என் கடையில தினமும் நடக்குது. புதுக் கோட்டு போட்டதும் ஆளே மாறிடுவாரு. அதனாலதான் அது முங்குறப்ப பாவமா இருந்துச்சு. ரெண்டாவது படத்துல எனக்கும் ஓடிப்போய் அந்தக் கேட்டைத் தள்ளணும்போல இருந்துச்சு. ஆனா அது ஆயிரம் பேர் இல்லீங்க. முப்பது பேர்தான் இருக்கும். இடது தோள் தூக்கலா ஒருத்தர் இருக்காரு. அந்த மாதிரி தோளுக்குச் சட்டை தைக்கிறது பெரிய பாடு, அதான் கண்ணுல பட்டுச்சு. தொப்பி போட்டு ஓடுறாரு, தாடி ஒட்டிக்கிட்டு ஓடுறாரு, கடைசியில சிப்பாயா நின்னு தன்னையே சுடுறாரு."

தலைவரின் முகம் சிவந்தது. டெய்லர் கதவைப் பார்த்தான். எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

"முப்பதா? இதை அறுபது தடவை பார்த்திருக்கேன் நான்" என்றார் தலைவர்.

பின்னால் புரொஜக்டர் அறையின் சின்ன ஜன்னல் திறந்தது. ஆபரேட்டர் தலையை நீட்டினாள்.

"முப்பத்திரெண்டுப்பா. ஃபிலிமைக் கையில வெச்சு ஒவ்வொரு முகமா எண்ணியிருக்கேன். அந்தத் தோள்காரரை எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க எங்கேப்பா வாயை மூடுனீங்க, நான் சொல்ல?"

பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். தலைவர் எல்லோரையும் ஒருமுறை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டும்மா" என்றார். டெய்லரைப் பார்த்துப் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க. ஒரு ஏப்ரனுக்கு மூணு வாரம் ஆகாதுன்னு எனக்கும் தெரியும்."

அந்தத் தடவை தலைவர் படம் முழுக்கப் பேசவில்லை. ஒரே ஒரு முறை மட்டும் மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்து, "அதோ, நம்ம ஆளு" என்றார்.