பாப்பா வரட்டும்

"வயி வுடுங்க, டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று யாரோ கத்த, வாசலில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஜெயப்ரியா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அப்பா பூவராகன் பாயில் கிடந்தார். பனியன் வேர்வையில் ஊறியிருந்தது.

"கரைக்கு வந்ததும் நெஞ்ச புடிச்சினு குந்திட்டாரு" என்றாள் அம்மா அங்காளம்மா.

"போன்லயே சொன்னேனேம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு!"

"எங்க கேட்டாரு? நம்ம வூட்லயே டாக்டர வெச்சினு வெளியாளாண்ட எதுக்குப் போவணும், பாப்பா வரட்டும்ன்றாரு."

ஜெயப்ரியா படித்தது கடல் பொறியியல். அலை கரையை எப்படி அரிக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அறிவியல், பொறியியல் துறைகள் எல்லாவற்றிலும் பிஎச்.டி.க்கு ஆள் எடுக்கிறார்கள், உதவித்தொகையும் உண்டு என்று பேப்பரில் விளம்பரம் வந்தபோது, கோவளத்து மீன்காரர் வீட்டுப் பெண் கடலைத்தானே தேர்ந்தெடுப்பாள்? படிப்பை முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார் மனிதர். மீன் ஏலம், டீக்கடை, கோவில் என்று ஒரு இடம் விடாமல், மகள் டாக்டர் என்று சொல்லிவைத்தார். ஒருமுறை அவள் ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்து, மிஷின் தொட்டியில் அலை எழுப்புவதைப் பார்த்தார். "கடலு இங்கயே கீது, தொட்டில எதுக்கு அலை?" என்று வயிறு குலுங்கச் சிரித்தாரே தவிர, ஊரில் பேச்சை மாற்றவில்லை. அவள் திருத்தினால், "எந்த டாக்டரா இருந்தா இன்னா? டாக்டரு டாக்டருதான்" என்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் டாக்டரம்மா ஆகிவிட்டாள்.

இப்போது பூவராகன் கண்ணைத் திறந்தார். தானாகவே மணிக்கட்டை அவள் பக்கம் நீட்டினார்.

"புடிச்சிப் பாரு பாப்பா."

அவள் பிடித்தாள். எங்கே அழுத்த வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. விரலை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தாள்.

"இன்னா சொல்லுது?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லாதான் இருக்கு" என்றாள். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் அவளுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. வெளியே திரும்பி, "தசரதண்ணா, ஆட்டோவ எடுங்க! கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினாள்.

அடுத்த வீட்டுத் தசரதன் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினார். பூவராகன் மகளின் தோளில் சாய்ந்திருந்தார். பாதி வழியில் தலை கனத்தது. கை அவள் மடியிலிருந்து நழுவியது.

"தூங்கறாராடி?" என்றாள் அங்காளம்மா.

தசரதன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார்.

"டாக்டரம்மா, போவட்டுமா? இல்ல, வூட்டாண்டயே திருப்பட்டுமா? நீ சொன்னா செரி."

ஜெயப்ரியா அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தாள். ஆட்டோவின் இரைச்சல்தான் கேட்டது.

"வண்டிய ஆஃப் பண்ணுங்கண்ணா."

அணைத்தார். அங்காளம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தசரதன் ஹாண்டில்பாரில் கை வைத்தபடி அவள் சொல்லுக்குக் காத்திருந்தார். காதில் கேட்பது அப்பாவின் துடிப்பா, தன்னுடையதா என்று தெரியாமல் ஜெயப்ரியா தலையை நிமிர்த்தவில்லை.